மூன்று பேர் போட்ட கோட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வாசற்பக்கம் நிற்கிறவரும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு கோட்டின் கதை சொல்லப் போகிறேன். முடிவதற்குள் இரண்டு தடவையாவது உங்களுக்குத் திக்கென்று ஆகும். அதற்கு என்னைக் கோபிக்காதீர்கள். முதன்முதலில் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

ஒரு சலவைக் கடை. முன்னால் துணி வாங்கும் மேசை, நடுவில் இஸ்திரிப் பலகை, பின்னால் ஜன்னலோரம் ஒரு நீளக் கம்பி. இஸ்திரி போடுகிறவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் முன்னால் நிற்கிற ஆளின் காலர் மடங்கியிருந்தால்கூட அவள் கை தானாகப் போய் நீவிவிடும். அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள், திருந்தவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். வருஷம் ஒன்றாகியும் யாரும் வாங்க வராத துணியில் முதலாளியம்மா வெள்ளை நூல் கட்டிப் பின்கம்பியில் மாட்டிவிடுவார். "தேவைப்படுறவங்களுக்குப் பார்த்துக் குடு. ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கேட்டுட்டு நிக்காதே" என்பது உத்தரவு. கறை எடுக்கிறவருக்குக் கறைமாமா என்று பேர். லேசில் போகாத கறையென்றால் மறுபடி பார்ப்பதற்காக அவர் சிவப்பு நூல் கட்டுவார். வெள்ளை நூல் கொடுப்பதற்கு, சிவப்பு நூல் தொடாமல் இருப்பதற்கு. அவ்வளவுதான் சட்டம்.

ஒரு நாள் காலை, ஒல்லியான ஒருவன் கடை வாசலில் வந்து நின்றான். பஸ் ஒன்று சேற்றை வாரி அடித்து, நெஞ்சு முதல் இடுப்பு வரை சேறு.

"அக்கா, எதிர் பில்டிங்ல இன்டர்வியூ. இன்னும் இருபது நிமிஷம்தான். துடைச்சு மட்டும் குடுக்க முடியுமா?"

"துடைச்சா இன்னும் பரவும்பா. இரு."

மடிப்பக்கா பின்கம்பிக்குப் போனாள். வெள்ளை நூலோடு ஒரு சாம்பல் நிறக் கோட்டு தொங்கியது. நூலை அறுத்தாள், ஒரு இழுப்பு இஸ்திரி போட்டாள், அவனுக்கு மாட்டிவிட்டு, விடாமல் காலரையும் நீவிவிட்டாள்.

"எப்ப திருப்பித் தரணும்க்கா?"

"எனக்கு வேணாம். உன்னை மாதிரி இன்னொருத்தன் தவிச்சிக்கிட்டு நிப்பான் பாரு, அவனுக்குக் குடு."

அவன் போனான். அவளுக்கு அன்றைக்கு முழுக்க மனசு காற்றடித்த பலூன் மாதிரி இருந்தது.

அதற்கு ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி ரசீதை நீட்டினார். தலை வாரவில்லை, கால் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி. "சாம்பல் கலர் கோட்டு" என்றார்.

மடிப்பக்கா எல்லாக் கம்பியிலும் தேடினாள். இல்லை. எட்டிப் பார்த்த கறைமாமா, "அதா? அதுல உள்பக்கமா எண்ணெய்க் கறை. சிவப்பு நூல் தீர்ந்துபோச்சுன்னு வெள்ளையைக் கட்டி, வெயில் படட்டும்னு பின்கம்பில போட்டேன். அப்புறம் காணோம், டெலிவரி ஆயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. அப்படியே பக்கெட் மேல் உட்கார்ந்துவிட்டார்.

 பலகையில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததையே மறந்த மடிப்பக்கா, யாரோ ஒருவரின் சட்டை தீய்ந்து புகை வந்த பிறகுதான் எடுத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். நாளைக்கு வாங்கம்மா என்றிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"அம்மா... ஒருத்தர் தவிச்சு நின்னாரு. யாரும் வாங்க வராத கோட்டுன்னு நினைச்சுக் குடுத்துட்டேம்மா."

அந்த அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வர்றப்ப அதைப் போட்டுட்டுத்தான் வருவேன்னு என் வீட்டுக்காரருக்கு அடம். சுத்தம் பண்ணி வைன்னாரு. நேத்து போயிட்டாரு. கோட்டைப் போட்டுத்தான் அனுப்பணும். மூணு மணிக்கு வண்டி வருது."

அப்புறம் வீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டு, அந்த ஜோடி சேராத செருப்போடு நடந்து போய்விட்டார்.

மடிப்பக்கா ஓடினாள், கண்ணுகளா. இஸ்திரிப் பெட்டியைக்கூட அணைக்கவில்லை, கறைமாமாதான் அணைத்தார். எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்த ஒல்லி இருந்தான், கழுத்தில் புது அடையாள அட்டையோடு. அவளைக் கண்டதும் சிரித்தவன், விஷயம் கேட்டதும் வெளுத்துப்போனான்.

"ஐயோ அக்கா, அன்னிக்கே குடுத்துட்டேனே! நீங்கதானே சொன்னீங்க!"

"நான்தான் சொன்னேன், என் வாயில மண்ணை அள்ளிப் போட. யாருகிட்ட?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, பொத்தல் விழுந்த பனியனைப் பார்த்து வாசல் காவலாளி அவரை உள்ளே விடவில்லையாம். ரோட்டோரம் மகளின் கையைப் பிடித்து நின்றவருக்கு ஒல்லி அங்கேயே கழற்றிக் கொடுத்திருக்கிறான்.

பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். கேட்டதும் கையிலிருந்த கம்பி நழுவியது.

"என் பொண்ணுக்கு இடம் கிடைச்சுதும்மா அந்தக் கோட்டால. இன்னிக்குக் காலைலதான் குடுத்தேன்."

"இன்னிக்கா? யாருக்கு?"

"பால் வேன் ஓட்டுற பையன். வேன் கதவு கழண்டுபோச்சுன்னு வந்தான், சட்டையெல்லாம் கிரீஸ். பன்னெண்டு மணிக்கு அவனுக்குக் கல்யாணம். பதிவு ஆபீஸ்ல. கல்யாணத்தன்னிக்கு ஒருத்தன் அப்படி நிக்கலாமா?"

மணி பதினொன்றரை.  செத்தவரின் கோட்டைக் கல்யாண மாப்பிள்ளையின் தோளிலிருந்து உரிக்க வேண்டும். இதைவிடக் கோட்டு தொலைந்தே போயிருக்கலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

பதிவு அலுவலகத்தில் மரப் பெஞ்சு, மின்விசிறி, வரிசையாக ஜோடிகள். மூன்றாவது ஜோடியில் சாம்பல் கோட்டு. கை இரண்டு அங்குலம் குட்டையாக, ஆனாலும் ராஜா மாதிரி நின்றான் பால்வண்டிக்காரன். மடிப்பக்கா மூச்சு இரைக்க அவன் முன்னால் போய் நின்றாள். 

மணப்பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க இது, கையெழுத்துப் போடறதுக்குள்ளயே பொம்பளைங்க தேடி வர்றாங்க? இன்னும் எத்தனை பேரு?"

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாது, சத்தியமா!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மடிப்பக்கா சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. மணப்பெண்ணின் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "சாவு வீட்டுத் துணியா? மங்களமான நாள்ல இது என்ன கொடுமை!" என்று அலறினார். மாப்பிள்ளை சிலையாகிவிட்டான். கோட்டு தன்னைச் சுடுவதுபோல இரண்டு கையையும் அகட்டிக்கொண்டான்.

மணப்பெண்தான் எட்டி முதல் பொத்தானைக் கழற்றினாள்.

"கழட்டுங்க. இன்னிக்கு நம்மளைவிட அவருக்குத்தான் அவசரம்."

"கிரீஸ் சட்டையோடயா கையெழுத்துப் போடச் சொல்றே?"

"உங்க சட்டையையா கட்டிக்கிறேன்? கழட்டுங்க." பிறகு மடிப்பக்காவைப் பார்த்து, "அந்த வீட்டு விலாசம் சொல்லுங்க அக்கா" என்றாள். எதற்கு என்று கேட்கக்கூட மடிப்பக்காவுக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டு ஓடினாள்.

கடையில் கோட்டை விரித்தபோதுதான் அடுத்த இடி. வலது கையின் ஓரத்தில் மிளகளவு ஓட்டை, சுற்றிலும் கருகல். பட்டறை நெருப்புப்பொறி. கறைமாமா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"கறைன்னா எடுத்துருவேன். ஓட்டையை எப்படி எடுப்பேன்?"

மடிப்பக்கா முடிந்தமட்டும் இஸ்திரி போட்டு, எடுத்துக்கொண்டு ஓடினாள். 

மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது, ஒரு ஆள் அகலப் படி. கூடத்தில் சவப்பெட்டி, அதனருகே அந்த அம்மாவும், இடுப்பு வலிக்குப் பட்டை கட்டிய அவருடைய கொழுந்தனாரும். வேறு யாருமில்லை. அக்கம்பக்கம் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அந்த அம்மா கோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையில் விரல் நின்றது.

"இது முன்னாடி இல்லையே, இந்த ஓட்டை."

மடிப்பக்கா ஒளிக்கவில்லை. இன்டர்வியூ, பள்ளிக்கூட வாசல், பதிவு ஆபீஸ், எல்லாம் சொன்னாள்.  அந்த அம்மா கேட்டு முடித்துக் கணவருக்குக் கோட்டை உடுத்தினார், கொழுந்தனார் தலையைத் தாங்கிப் பிடிக்க.

கீழே வண்டி வந்துவிட்டது. ஓட்டுநரும் இன்னொரு ஆளும் மேலே வந்து படியை எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரால இந்தப் படியில இறக்க முடியாதும்மா. இன்னும் மூணு பேராவது வேணும். உங்க ஆளுங்க யாரும் இல்லையா?"

கொழுந்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். அந்த அம்மா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். பிறகு சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க மடிப்பக்காவால் முடியவில்லை.

அப்போது படியில் காலடிச் சத்தம். முதலில் மேலே வந்தது அடையாள அட்டை தொங்கும் ஒல்லி. "என்னாலதானே இவ்வளவும், கோட்டு வந்து சேர்ந்துதான்னு கடையில கேட்டேன். மாமா இங்க அனுப்பினாரு" என்றான். அவன் பின்னால் பட்டறைக்காரர், அதே கதைதான் அவருக்கும். அவருக்கும் பின்னால், கிரீஸ் சட்டையில் பால்வண்டிக்காரன், மூச்சு வாங்கிக்கொண்டே புதுப்பெண்டாட்டி.

"யாரு இவங்கல்லாம்?" என்றார் அந்த அம்மா.

"அந்தக் கோட்டைப் போட்டவங்கம்மா."

பட்டறைக்காரர் பெட்டியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், யாரும் கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டினார். "தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன். தம்பி, நீ வளைவுல உள்பக்கமா வா. மெதுவா. அண்ணனுக்கு இடிக்கக் கூடாது." உயிரோடு ஒருதரம்கூடப் பார்க்காத மனிதரை அண்ணன் என்றார். ஐந்து பேருமாக மூன்று மாடியும் இறக்கினார்கள். ஒரு சுவரிலும் உரசவில்லை.

வண்டியின் பின்கதவு சாத்தியதும் அந்த அம்மா மடிப்பக்காவின் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ செஞ்சது தப்பு."

"ஆமாம்மா."

"என் பொருளை என்னைக் கேக்காம குடுத்துட்டே."

"ஆமாம்மா."

"கேட்டிருந்தா நான் குடுத்திருக்கவே மாட்டேன்." சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு அவரே அதிர்ந்துபோனவர் மாதிரி அந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "குடுத்திருக்கவே மாட்டேனே. இப்ப இவரை யாரு தூக்கியிருப்பா?"

 அந்த அம்மா வண்டியில் ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்து, மடிப்பக்காவுக்கும் இடம் விட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கதவை மட்டும் சாத்தாமல் வைத்திருந்தார். மடிப்பக்கா ஏறிக்கொண்டாள்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. உங்கள் வீட்டு அலமாரியில் எந்த நல்ல துணியும் போடாமலே பழசாகாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எந்தக் கை தேவைப்பட்டாலும், முகம் தெரியாதவராவது சரியான நேரத்துக்குப் படியேறி வரட்டும். உங்கள் பிள்ளைகளின் தோள் அடுத்தவருக்கும் ஆகட்டும். குடும்பத்தோடு நன்றாக இருங்கள்.