லிஃப்ட்காரர் சுட்ட வாஃபிள்

லிஃப்ட்காரர் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி இன்னும் அவருடைய கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே அவர் நடக்கிற நடையில் தரை தேய்ந்து தேய்ந்து, கீழ்வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தால் இவருடைய செருப்பின் அடிப்பாகம் தெரியும் என்று கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிக்கு மேல் உண்மை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடை இன்னும் மும்முரமாக இருந்தது. மனைவி வருகிறாள். கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள், மூன்று வாரம் கழித்து வருகிறாள்.

வருகிறாள் என்றால் திரும்பி வருகிறாள் என்று அர்த்தமில்லை. போனில் அவள் தெளிவாகவே ஆரம்பித்தாள். "ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். தங்கச்சி அவ தையல் கடையிலயே என்னை இருந்துடச் சொல்றா. அங்கேயே இருக்குறதா, வீட்டுக்கு வர்றதான்னு நேர்ல பேசி..."

"சரி சரி, டிபனுக்கு வாஃபிள் சுட்டு வச்சிடறேன்," என்றார் லிஃப்ட்காரர். மைதா இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் போனையும் வைத்துவிட்டார்.

இதுதான் அவருடைய வியாதி. மூடியிருக்கிற எதையும் மூடியபடி விட அவரால் முடியாது. அதைத் தொழில் கொடுத்த வியாதி என்றும் சொல்லலாம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களுக்கு முதல் பாடமே விளக்கை நம்பாதே என்பதுதான். மேலே நாலாம் மாடி என்று எரியும். பெட்டியோ மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் திரிசங்கு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். கதவைச் சாவி போட்டுத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அப்படித் திறந்து பார்த்தே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர் அவர். அவர் கணக்குப்படி ஊர் ஜனத்தொகையில் பாதி.

அதே கை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? தயிருக்கு உறை ஊற்றி வைத்தால் உறைந்ததா என்று மணிக்கொரு தரம் கரண்டி விட்டுப் பார்ப்பார். தயிர் கடைசிவரை பாலாகவே முதுமை அடையும். கேக் வேகும்போது அடுப்பைத் திறந்து திறந்து பார்த்து அதைச் செருப்புத் தோலாக்குவார். இதையெல்லாம்கூட மனைவி பொறுத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தால் அதற்குள்ளும் இவர் எட்டிப் பார்த்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் இவர் முடிப்பார். "இன்னைக்கு பேங்க்ல" என்றால் "கூட்டமா?" "பக்கத்து வீட்டம்மா" என்றால் "கடன் கேட்டாளா?"

"கல்யாணமான நாள்லருந்து நான் ஒரு கதையக்கூட முழுசாச் சொல்லி முடிச்சதில்ல," என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியை எடுத்தாள். அப்போதும் லிஃப்ட்காரர், "எந்தக் கதை, அந்த..." என்று ஆரம்பித்தார். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது மேடைமேல், இரண்டு கட்டம்போட்ட தட்டுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுடுகிற, அவள் வாங்கி வைத்த மின்சார வாஃபிள் மேக்கர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவர் கைக்கு எட்டக்கூடாதென்று அவள் பரண்மேல் ஒளித்து வைத்திருந்த சாமான் அது. மாவு, முட்டை, பால், உருக்கிய வெண்ணெய் எல்லாம் சரியான பதத்தில் கலந்தாகிவிட்டது. கலக்குவதில் அவரிடம் குறை சொல்ல முடியாது. கருவி சூடானதும் ஒரு கரண்டி ஊற்றி மூடினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இடுக்கெல்லாம் ஆவி சீறியது.

உள்ளே என்ன நடக்கிறது?

ஜன்னல்வரை போனார். வந்தார். குழாயைத் திறந்து மூடினார். கடிகாரம் ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டார். பச்சை விளக்கு வரட்டும் என்று புத்தி சொன்னது. விளக்கையா நம்புகிறாய் என்று கை கேட்டது. மூடியைத் தூக்கினார். வாஃபிள் குறுக்கே கிழிந்து, பாகப்பிரிவினை முடிந்த அண்ணன் தம்பி மாதிரி ஒரு பாதி மேல் தட்டிலும் மறுபாதி கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு நின்றது.

மரக்கரண்டியால் சுரண்டினார். அடுத்ததும் அதே கதி. அதற்கடுத்ததற்குக் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். முழங்கை தானாகவே எட்டி மூடியை நெம்பிவிட்டதாக அவர் பிற்பாடு சாதித்தார். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவருக்கு ஆக்கவே பொறுக்கவில்லை. குப்பைக்கூடையில் கிழிந்த வாஃபிள்கள் ஒரு குன்றாக எழுந்தன. இன்னும் கொஞ்சம் போனால் அதன் உச்சியில் மேகம் தட்டியிருக்கும்.

முட்டை தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் கடன் கேட்க ஓடினார். டாக்டர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழு விவரமும் கேட்டார்.

"அண்ணே, பல்லைப் பிடுங்கிட்டு பஞ்சை வச்சு, கடிச்சுக்கிட்டு சும்மா இருங்கன்னு சொல்லி அனுப்புவேன். ரத்தம் நின்னுச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் பஞ்சை எடுத்துப் பார்க்குறவங்களுக்குத்தான் ரத்தமே நிக்காது."

"நான் அப்படியெல்லாம் பார்க்க மாட்டேன் டாக்டர்."

"போன மாசம் பார்த்தீங்களே."

முட்டையை வாங்கிக்கொண்டு லிஃப்ட்காரர் வந்துவிட்டார். இருந்த கடைசி மைதாவைக் கலக்கியபோது, இரண்டு வாஃபிளுக்குக்கூடக் காணாது என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மச்சினிதான் முதலில் நுழைந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "என்ன அத்தான், வீட்டுல எதாச்சும் வெடிச்சதா, இல்ல சமைக்கிறீங்களா?"

அவளுக்குப் பின்னால் மனைவி. கையில் பெட்டி இல்லை.

"பெட்டி எங்கே?" என்றார் லிஃப்ட்காரர்.

"கார்லதான் இருக்கு. அக்கா சொன்னா எடுத்துட்டு வருவேன். இல்லன்னா வந்த வழியே வண்டிய விட வேண்டியதுதான்." மச்சினி கார்ச் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றினாள்.

மனைவி குப்பைக்கூடையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். இருந்த மாவை வழித்து ஊற்றி, லிஃப்ட்காரர் மூடியை அழுத்தினார். சிவப்பு எரிந்தது. ஆவி கிளம்பியது. கை துறுதுறுத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், முக்காலியில் இரண்டு கைகளையும் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவருடைய முழு எடைக்கும் அவை அடங்குகிற கைகளாக இல்லை.

"கடைக்கு ஒரு பளுதூக்குறவர் வந்தாரு," என்றாள் மனைவி. "கல்யாணக் கோட்டுக்கு அளவு குடுக்க. நான் நாடாவைச் சுத்துனா ஆளு மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. தொப்பை தெரியக்கூடாதாம்."

பட்டன் தெறிச்சிருக்கும். பதில் லிஃப்ட்காரரின் நுனிநாக்குவரை வந்து குதித்துக்கொண்டிருந்தது. பல்லால் கதவைச் சாத்தினார். அந்த ஒரு விநாடியில் அவருக்கு வேர்த்த வேர்வையில் ஒரு வயலுக்குப் பாசனம் செய்திருக்கலாம்.

அவள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் வாய் மூடியே இருந்தது. அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலிருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தாள்.

"மூச்சை விடுங்க தம்பின்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல. சரின்னு அவருக்குத் தெரியாம நானே நாலு விரல் தாராளமா விட்டு வெட்டிட்டேன். அன்னைலருந்து எனக்குத் தூக்கம் போச்சு. போட்டுப் பார்க்க வந்தா சத்தம் போடுவாரேன்னு பயம்."

சத்தம் போட்டிருப்பார் என்று லிஃப்ட்காரர் நினைத்தார். அடுத்த கணமே, போட்டாரா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பட்டன் என்று முன்பு நினைத்தது இதற்குள் பொய்யாகியிருந்தது.

"அப்புறம்?" என்றார்.

நாற்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வந்தாரு. மூச்சைப் பிடிச்சிக்கிட்டே போட்டாரு. கோட்டு தொளதொளன்னு தொங்குது. நான் சுவரோட சுவரா நிக்கிறேன். மெதுவா மூச்சை விட்டாரு. கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்த்தாரு. 'அக்கா, கல்யாணத்துக்கு அப்புறமும் மூச்சு விடணும்ல, இப்படியே இருக்கட்டும்'னாரு."

லிஃப்ட்காரர் சிரித்தார். முக்காலி ஆடியது. சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக அவள் சொல்லவந்த கதைகளுக்கெல்லாம் அவரே ஒரு முடிவு போட்டு அனுப்பியிருக்கிறார். அவற்றில் எத்தனை தப்பான மாடியில் போய் நின்றனவோ.

"அப்புறம் என்னாச்சு? கல்யாணத்துக்குக் கூப்பிட்டாரா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றாள். பொண்ணு வீட்டார் வந்தது, அவர்களுடைய அத்தை துணியைத் தடவித் தடவிப் பார்த்துக் குறை சொன்னது, அந்த அத்தைக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தது என்று கதை ஊர் சுற்றியது. அவரும் கூடவே சுற்றினார். உடம்பில் ஒரு இடம்கூட நமைச்சல் எடுக்கவில்லை.

"அத்தான்," என்றாள் மச்சினி. "உங்க பொட்டி புகையுது."

ஆவி எப்போதோ அடங்கி, பச்சை விளக்கு எரிந்து எரிந்து சலித்து, இப்போது கரும்புகை வந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் துள்ளி எழுந்து பிளக்கைப் பிடுங்கினார். மூடியைத் தூக்கினார். கிழியாமல், ஒட்டாமல், கட்டம் கட்டமாக முழுசாக வந்தது வாஃபிள். நிறம் மட்டும் கார்ச் சக்கரத்தின் நிறம்.

"ஐயய்யோ," என்றார். "கவனிக்கவே இல்ல."

"கவனிக்கலையா?" என்றாள் மனைவி. "நீங்களா?"

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி எழுந்து வந்து, அந்தக் கரியைத் தட்டில் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தாள். வைரமாலையை அப்படிப் பார்த்த பெண்கள்கூடக் குறைவு.

"வாரத்துல மூணு நாள் தங்கச்சி கடைக்குப் போவேன்," என்றாள் அவள். "அதை விட மாட்டேன். மத்த நாள் இங்க."

மச்சினி சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினாள். "அப்ப பெட்டிய எடுத்துட்டு வரவாக்கா?"

"எடுத்துட்டு வா."

எந்த மூணு நாள்? எத்தனை மணிக்குப் போவாய்? பஸ்ஸா, தங்கச்சி காரா? அந்த நாளெல்லாம் டிபன் யார் செய்வது? லிஃப்ட்காரருக்குள் கேள்விகள் எல்லா மாடிப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கின. வாய் திறந்தது. அவள் புருவமும் உயர்ந்தது.

அவர் வாஃபிளில் பெரிய துண்டாக உடைத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். அது மெல்லமெல்ல வளர்ந்ததே தவிர கரையவில்லை. கண்ணில் நீர் வர, கடவாயில் அரைத்தபடி, மேலே சொல்லு என்று கையைக் காட்டினார்.

"திங்கள், புதன்," என்று அவள் நிதானமாக ஆரம்பித்தாள்.