ஒரு டீ போடட்டுமா?

பார்ன்ஸ்லி நகரச் சந்தையில் முப்பத்திரண்டு வருஷம் கம்பளம் விற்ற நெவில் ஹெப்வர்த்துக்கு ஒரு வியாதி உண்டு. கம்பளச் சுருள் தூக்கித் தூக்கி முதுகுத்தண்டில் வந்த வியாதியைச் சொல்லவில்லை. அதற்கு ஸ்கேன் படமும் மூன்று டாக்டர்களின் கையெழுத்தும் இருக்கின்றன. இது வேறு. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும், கேட்டவர் வாய் மூடுவதற்குள் "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்று பதில் வந்துவிடும். நாள் முழுக்க மழை கொட்டி ஒரு கால்மிதிகூட விற்காத அன்றும் அதையேதான் சொல்வான். கடை ஓடவில்லை என்று மூக்கால் அழுகிறவனிடம் யார் வாங்குவார்கள்?

மனைவி லொரைனுக்கு இந்த வியாதி அத்துப்படி. நெவிலின் மாற்றுத்திறனாளி உதவித்தொகையை மறுபடி மதிப்பிட வீட்டுக்கு ஒரு அதிகாரியம்மா வருகிறாள் என்று கடிதம் வந்த அன்றே, அந்தத் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தத் தொகை நின்றால், அதிலிருந்து வாடகை கட்டி வைத்திருக்கும், கையாலேயே ஓட்டுகிற காரும் போய்விடும். கார் போனால் நெவிலுக்கு மிச்சம் நாற்காலியும் ஜன்னலும்தான்.

"நெவ், நல்லாக் கேட்டுக்கோ. அந்தம்மா எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கறேன்."

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட மூஞ்சியத் திருப்பிக்கணுமா?"

"திருப்ப வேணாம். வலிக்குதுன்னு சொல்லு. வலிக்குதா, இல்லையா?"

"வலிக்குது. அதையெல்லாம் வந்தவங்ககிட்டயா சொல்லுவாங்க?"

அந்த நாள் வந்தது. காலை ஐந்தரைக்குப் போன். லொரைனைப் பார்சல் கிடங்குக்கு அனுப்பும் ஏஜென்சியின் டேரன். அவள் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் எல்லாப் பெண்களும் அவனுக்குக் கண்ணுதான்.

"லொரைன் கண்ணு, எட்டு மணிக்குக் கெடங்குக்கு வந்துடு. ஆளு பத்தல."

"இன்னைக்கு லீவுப்பா. எழுதிக் குடுத்துட்டேனே."

"குடுத்தது என்கிட்ட இருக்கு கண்ணு. சிஸ்டத்துல இல்ல. வரலன்னா ஒன் பேரக் கீழ தள்ளிடும். நான் இல்ல, சிஸ்டம்."

கூப்பிடும் பட்டியலில் கீழே போன பெயர் மேலே வர ஆறு வாரமாகும், அதுவரை வேலை கிடையாது. மதிப்பீட்டைத் தள்ளிப்போடலாமா என்று கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தாள். ஒன்பது மணிக்குமேல் அழைக்கவும் என்றது ஒரு குரல். நெவிலை எழுப்பி, படியிறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் டீ வைத்து, "வாயத் தொறக்காத" என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு ஓடினாள்.

இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினால், கிடங்கு வாசலில் காவலாளி கையை விரித்தான்.

"பன்னெண்டு பேரு அதிகம். வேணும்னது இருவத்தெட்டு, கூப்பிட்டது நாப்பது."

"ஆளு பத்தலன்னானே!"

"பத்தாமப் போயிடக் கூடாதுன்னுதாம்மா நாப்பது."

அன்றைக்குச் சம்பளம் கிடையாது, பஸ் காசும் கிடையாது. திரும்பி வருவதற்குள் பதினொன்றாகிவிட்டது. தெருமுனையில் ஒரு சின்னச் சிவப்புக் கார் அவளைக் கடந்து போனது. ஓட்டிய பெண்ணின் புன்னகையைப் பார்த்ததும், மதிப்பிட வந்தவள் அவள்தான் என்று புரிந்து லொரைன் வீட்டுக்கு ஓடினாள்.

நெவிலின் முகம் ஜொலித்தது. தலையைப் படிய வாரியிருந்தான்.

"தங்கமான பொண்ணு லொரைன். அவங்க அப்பா மாடிப்படிக்கு நம்மகிட்டதான் கம்பளம் வாங்கினாராம்!"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீ?"

நெவில் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த தொட்டிச் செடியைப் பார்த்தான்.

"அடப்பாவி மனுஷா. வேற என்ன சொல்லித் தொலைச்ச?"

"வேற ஒண்ணுமில்ல. ஒரு டீ போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டா."

அந்தச் செடியும் வாடிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷத்தில் மூன்றாவது செடி. அழுகல் மண்ணை விற்கிறாய் என்று சந்தைப் பூக்காரனைப் பிடித்து உலுக்கி, லொரைன் அதைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தாள்.

ஏழு வாரம் கழித்து ஒரே காலையில் ஐந்து உறை வந்தது. முதல் உறையில் தீர்ப்பு. இரண்டாவதில் அதே தீர்ப்பு, பெரிய எழுத்தில். மூன்றாவதில், முதல் இரண்டில் தேதி தவறு, பொருட்படுத்த வேண்டாம் என்ற வருத்தம். நான்காவதில் சரியான தேதியோடு மறுபடியும் தீர்ப்பு. ஐந்தாவது, எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டது. தீர்ப்பில் மதிப்பெண் மொத்தமும் முட்டை, உதவித்தொகை ரத்து. 'நலமாக இருப்பதாகத் தெரிவித்தார். தோற்றம் நேர்த்தி. தேநீர் தயாரிக்க முன்வந்தார். ஆகவே நிற்கவும், கொதிநீரைக் கையாளவும் இயலும்.'

லொரைன் அதை நின்றபடி மூன்றுமுறை படித்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். "வேணாம்னு சொன்ன டீக்கா?" என்றாள்.

மறுபரிசீலனைக்கு எழுதினார்கள், மறுபடி முட்டை. காரை இரண்டு பேர் வந்து மரியாதையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். சாவியைக் கொடுத்த நெவில் அவர்களையும் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டான்.

மேல்முறையீடு விசாரணைக்கு வரப் பத்து மாதம் ஆயிற்று. நூற்று எண்பத்தாறு பக்க வழக்குக் கட்டு கூரியரில் வந்தது. நாற்பத்தோராம் பக்கம் தலைகீழாக அச்சாகிவிட்டதென்று முழுக் கட்டும் இன்னொருமுறை வந்தது. தீர்ப்பாயக் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் என்று ஹோட்டலில் ஒரு அரங்கை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கல்யாணமே நடத்தலாம். ஒரு மூலையில் மேசை. நீதிபதி, ஒரு டாக்டரம்மா, ஊன்றுகோலோடு ஒரு உறுப்பினர், ஓரமாக ஒரு குமாஸ்தா. எதிர்த் தரப்பிலிருந்து யாரும் வரவில்லை. இந்தச் செலவில் நெவிலுக்கு இரண்டு வருஷம் உதவித்தொகையே கொடுத்திருக்கலாமே என்று லொரைனின் மனம் கணக்குப் போட்டது.

இரவல் சக்கர நாற்காலியில் நெவிலைத் தள்ளிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பாடம். வலி, படி, கழிப்பறை, டீ. நெவில் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "வாங்க, மிஸ்டர் ஹெப்வர்த். எப்படி இருக்கீங்க?"

"குறை சொல்ல ஒண்ணு..."

லொரைன் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் போச்சு. ஆனால் வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. டாக்டரம்மா கட்டைப் புரட்டினாள்.

"அந்தம்மாவுக்கு டீ போடட்டுமான்னு கேட்டிருக்கீங்க. அவங்க சரின்னு சொல்லியிருந்தா?"

"சொல்ல மாட்டாங்க. மொத தடவையே சரின்னு யாரும்மா சொல்லுவாங்க? கேக்கறது நம்ம மரியாதை, வேணாம்ங்கறது அவங்க மரியாதை."

ஊன்றுகோல்காரர் தன்னை அறியாமல் தலையாட்டினார்.

"சரின்னு சொல்லிட்டாங்கன்னே வைங்க," என்றாள் டாக்டரம்மா.

"மானம் போயிருக்கும். கெட்டில் தூக்கி மூணு வருஷமாச்சு."

"அப்ப மனைவி வேலைக்குப் போனப்புறம் என்ன குடிப்பீங்க?"

"ஃபிளாஸ்க்குல வச்சிட்டுத்தான் போறேன்," என்றாள் லொரைன்.

"கேள்வி அவருக்கும்மா," என்றார் நீதிபதி.

நெவில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஒண்ணும் குடிக்க மாட்டேன். குடிச்சா மேல போகணும். கழிப்பறை மாடியில. ஒருதரம் நாலாவது படியிலயே உக்காந்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான். இவ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, தெரியக் கூடாதுன்னு உருண்டு கீழ வந்துட்டேன்."

"தினமும் ஃபிளாஸ்க் காலியாத்தானே இருக்கு?" லொரைனுக்குக் குரல் கிறீச்சிட்டது. இந்தமுறை யாரும் தடுக்கவில்லை.

"செடியில ஊத்திடுவேன்."

டாக்டரம்மா எதையோ குறித்துக்கொண்டாள்.

எத்தனை செடி. பூக்காரனிடம் எத்தனை சண்டை. தினமும் மாலையில் அந்த ஃபிளாஸ்க்கைக் கழுவும்போது, நல்லவேளை குடித்துவிட்டான் என்று அவளுக்கு ஒரு திருப்தி. நூற்று எண்பத்தாறு பக்கத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவளுக்கு இது தெரியாது. அவன் வியாதிக்குத் தானே சாட்சி என்று நினைத்து வந்திருந்தாள். குறை சொல்ல ஒண்ணுமில்ல என்பதை ஊருக்குச் சொன்னதுபோலவே அவளுக்கும் சொல்லியிருக்கிறான்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுடுவ. டேரன் பேரக் கீழ தள்ளிடுவான்னு நீதான சொன்ன."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் குமாஸ்தா ஒற்றைத் தாளோடு வந்தாள். தொகை முழுதாகத் திரும்பக் கிடைக்கும். காரைத் திரும்ப வாங்க அந்தத் தாளே போதும். லொரைன் அதை வாங்கி மடித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. முடியவில்லை.

"ரெண்டு பேரும் ஒரு டீ சாப்பிடறீங்களா?" என்றாள் குமாஸ்தா.

"வேணாம்மா, ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றான் நெவில்.

"குடிப்பாரு," என்றாள் லொரைன். "பெரிய கப்பா குடுங்க. கழிப்பறை எந்தப் பக்கம்னும் சொல்லிடுங்க."

குமாஸ்தா ஒரு கணம் திகைத்துப் போனாள். பிறகு போய்க் கொண்டுவந்தாள். நெவில் கை நீட்டினான். லொரைன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பையில் போன் துடித்தது, டேரனாகத்தான் இருக்கும். அவள் கையை எடுக்கவில்லை. நெவில் ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னொரு வாய் குடிக்கலாமா என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தான்.