ஜெர்மன் ராணிக்கு வைத்த பொட்டு

திருத்தங்கலில் மணிகண்டராஜ் நடத்திய அச்சகத்தில் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பார்கள். லேபிளில் பெண் முகம் இல்லாவிட்டால் வெடி வெடிக்காது என்பது அவருடைய விஞ்ஞானம். 2005 தீபாவளி சீசனுக்கு, "நம்ம நடிகைக படத்தப் போட்டா கேஸ் போடுதாளுக. வெள்ளக்காரி ஒருத்தியப் போடு. அவ இங்கன வந்து பாக்கவா போறா?" என்று உத்தரவு போட்டார்.

கம்ப்யூட்டரில் லேபிள் செய்கிற மாரிசெல்வி இன்டர்நெட்டில் தேடி, யூட்டா என்ற ஜெர்மன் பாடகியைப் பிடித்தாள். அந்த முகத்தில் என்னமோ குறைந்தது. சிவப்புப் பொட்டு வைத்து, தலையில் மல்லிகைப்பூவும் சூட்டிவிட்டாள். 'ஜெர்மன் ராணி' சரவெடி அமோகமாகப் போனது. "அங்க அவதான் சூப்பர் ஸ்டாரு" என்று வருகிற வியாபாரிகளிடமெல்லாம் முதலாளி அளந்துவிட்டார்.

பொங்கல் கழிந்து, லேபிளில் இருந்த அச்சக விலாசத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம் ஜெர்மன் எழுத்து, கூடவே அந்த லேபிள். ஒரு வரியும் புரியவில்லை. கேஸ்தான் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார்.

இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பட்டாசு ஆலையில் எது வெடித்தாலும் முதலில் பேப்பரும் பேனாவும் ஓடி வரும், ஆம்புலன்ஸ் பிறகுதான். மாரிசெல்வியின் அப்பா சங்கிலிமுத்து, மூன்று விரல் போன கையோடு 'என் கவனக்குறைவே காரணம்' என்று கையெழுத்துப் போட்டவர்.

இப்போது மகள் முறை. 'படத்தை நானே எடுத்து, நானே பொட்டு வைத்தேன். கம்பெனிக்குச் சம்பந்தமில்லை' என்று இங்கிலீஷில் டைப் அடித்து, இரண்டு சாட்சியோடு முதலாளி அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

"வேல போயிருமா மொதலாளி?"

"கேஸு வராம இருந்தாப் பாப்போம். அதுவர இங்கன வராத."

பேப்பர் அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் ஜெர்மனிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் கடிதத்தை மொழிபெயர்க்க மதுரைக்கு அனுப்பினார். அட மனுசா, முதலில் வாசித்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

யூட்டா சூப்பர் மார்க்கெட் திறப்பு விழாக்களில் பாடுகிறவளாம். முதல் சிடி நூறுகூடப் போகவில்லையாம். 'உன் மூஞ்சி விலைபோகாது' என்று சிடி போட்ட கம்பெனி அட்டையில் பூனைப் படம் போட்டதாம். 'மதுரைக்கு வந்த சிநேகிதி இந்த வெடியின் காலிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நான் இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. அடுத்த சிடிக்கு இந்தப் படம்தான். செய்தவர் யார்? அவர் பெயரைப் போட வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

முதலாளி பைக்கில் மாரிசெல்வி வீடு இருக்கும் நாரணாபுரத்துக்குப் பறந்தார்.

"ஏத்தா, நாளைக்கே வேலைக்கு வந்திரு. நான் சொல்லித்தான அம்புட்டும் செஞ்ச? அப்படி ஒரு பேப்பர் எழுதிருவோம்."

"கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லன்னு நீங்கதான மொதலாளி அனுப்புனீக? சாட்சி வேற ரெண்டு பேரு."

ஆடியில் சிடி வந்தது. பொட்டும் பூவுமாக யூட்டா, கீழே மாரிசெல்வியின் பெயர். சங்கிலிமுத்து மிஞ்சிய இரண்டு விரலால் அதைத் தடவினார்.

"இதுலயும் நீதான் செஞ்சேன்னு போட்டிருக்கா தாயி?"

"ஆமாப்பா."

"எங்கன கையெழுத்துப் போடணும்?"

"எங்கயும் போட வேண்டாம்ப்பா" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.