ஷைனி கீழே வைத்த சிவப்புப் பேனா

1
இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவியலாளரான என் மகள் ஷைனி, எனக்குக் கவுன்சிலிங் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

"சொந்தக்காரங்களுக்குப் பாக்கக் கூடாது நைனா. சுமலதாகிட்ட போ. என்கூட படிச்சவ, பொன்னேரிலதான் கிளினிக் வெச்சிகீறா."

நான் போகவில்லை. கதை எழுதும் பழக்கம் உண்டு, எழுத உட்கார்ந்தேன். கதைக்குள் அவள் மாட்டேன் என்று சொல்ல முடியாதே!

2
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலை. அங்கே வரதன் க்ரேன் ஆபரேட்டர். (வரதன் நான்தான். எட்வர்ட் என்று சொந்தப் பெயரைப் போட வெட்கமாக இருந்தது.) மூன்று மாதம் முன்பு அவன் தூக்கிய இரும்புக் கட்டு சரிந்து, கீழே நின்ற முனுசாமிக்குக் கால் முறிந்தது. அதிலிருந்து க்ரேன் ஏணியில் நான்காம் படிக்கு மேல் வரதனுக்குக் கால் எழவில்லை. வரும் திங்கட்கிழமையும் ஏறாவிட்டால், இருபத்திரண்டு வருட வேலையை விட்டுவிட்டு ஆலை கேட்டில் வாட்ச்மேனாகப் போய் உட்கார வேண்டும்.

வரதன் ஓர் ஆலோசகரிடம் போகிறான். "சின்ன வயசுல உனக்கு..." என்று அவர் ஆரம்பித்ததுமே கதறுகிறான். ஆழத்தில் புதைந்திருந்த பழைய காயம் ஒன்று

(இதோடு நின்றுவிட்டது. ஷைனி சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.)

3
"இன்னா நைனா இது? சப்போர்ட்டிவ் தெரபில இப்டியெல்லாம் நோண்ட மாட்டோம். ஆளு இப்போ எதப் புடிச்சிகினு நிக்கிறாருன்னு பாப்போம். அது இன்னும் உறுதியாவற வரைக்கும் கூட இருப்போம்."

[பயிற்சிக் காலத்தில் என்னை எதிரே உட்கார வைத்துத்தான் பழகுவாள். நான் எதை உளறினாலும் குறுக்கே பேசாமல் கேட்பாள். அந்த வாயாடி, உதட்டைக் கடித்துக்கொண்டு! எளாவூரில் எங்கள் தெருவில் இந்தப் படிப்பு படித்தவள் அவள் ஒருத்திதான். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.]

கடைசிப் பத்தியை அடித்துவிட்டுக் கேட்டாள்: "இந்த வரதன் எந்த நாள்ல நல்லாகீறான்?"

"ஞாயித்துக்கெழம. முனுசாமி ஊட்டுக்குப் போய், தோள்ல கை போட்டு அவன நடக்க வெக்கிறான்."

"அப்போ பயம் இல்லியா?"

"இல்லம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

ஷைனி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "கதைன்னு சொல்லி ஏமாத்திட்ட நைனா. நான் கவுன்சிலிங் பண்ணிக்கினு கீறேன். போதும். சுமலதாவுக்கு போன் போட்டுத் தரேன், நீயே பேசு."

எனக்குக் கோபமே வரவில்லை. பெற்றவன் எதிரே அழுகிறான், அப்போதும் கற்றதை விட்டுக்கொடுக்காமல் எழுந்து போகிறாள் என் பெண். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4
முடிவு ஒன்று: திங்கட்கிழமை வரதன் மளமளவென்று ஏறி
முடிவு இரண்டு: நான்காம் படியில் நின்று, கீழே பார்த்து

இரண்டையும் அடித்துவிட்டேன். நேற்று பொன்னேரியில் சுமலதா முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேசியது எங்கள் இருவரோடு இருக்கட்டும். வீடு திரும்பியதும் ஷைனி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. எவ்வளவு துடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். "சாப்டியா நைனா?" என்றாள், அவ்வளவுதான்.

வரதனை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எத்தனை படி வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். நாளை திங்கட்கிழமை, எனக்குக் காலை ஆறு மணி ஷிப்டு.