இடப்பக்கம் திரும்பினால்

அந்தச் சின்னக் காரை ஓட்டப்போவது அவள். தேர்ந்தெடுத்தது கணவன். அவள் பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். நடமாட முடியாதவர்கள் வெறும் வயிற்றோடு காத்திருப்பார்கள் என்பதால் விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். அவனுக்கு நூலகத்தில் வேலை. பல வாரங்கள் போனே கதியென்று கிடந்து, முன்பின் தெரியாதவர்கள் கார் ஓட்டிக்காட்டும் வீடியோக்களையெல்லாம் பார்த்துத் தீர்த்துவிட்டு, "இந்த விலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான். வாங்கினார்கள்.

ஆரம்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தச் சந்திலும் நுழைந்து வந்தது. பெட்ரோலும் அளவாகத்தான் குடித்தது. ரத்தக் குழாய்கள் வைக்கும் ஐஸ் பெட்டி பின்சீட்டில் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு ஒரு நாள் காலை, இடப்பக்கம் திரும்பும்போது, கை படாமலே ஹாரன் அடித்தது.

முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார். ஏதோ தெரியாமல் கை பட்டுவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் மறுநாளும் அடித்தது. தினமும் அடித்தாலாவது ஒரு நியாயம் இருக்கும், தோன்றும்போது அடித்தது. சில நாள் சும்மா ஒரு 'பீப்'. சில நாள் ஸ்டியரிங் நேராகும்வரை ஒரே ஓலம். இடப்பக்கச் சந்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கையை நீட்டியபடியே கேட்டார்: "ஏம்மா, எனக்குச் சர்க்கரைதான். காது நல்லாத்தான் கேக்குது. வாசல்ல மணி இருக்குல்ல?"

ஆஸ்பத்திரி முனையில் போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

"நான் அடிக்கல சார். அதுவா அடிக்குது."

"அப்போ அபராதத்தை அதுவே கட்டுமா?"

சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்கென்றே கழுத்துப்பட்டை கட்டிய ஓர் அட்வைசர் இருந்தான். வண்டியை யார்டுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அடிக்கலையே மேடம்."

"நீங்க வலது பக்கமாவே சுத்திட்டு வர்றீங்க."

"யார்டு ஒன்வே மேடம். இடது பக்கம் திரும்ப முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க வளையல் ஏதாச்சும் பட்டிருக்கும்" என்றான்.

வேலையில் வளையல் போடவே கூடாது என்பதால் அவள் கை மொட்டையாக இருந்தது. அதை அவன் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினாள். அவன் கணினியில் எதையோ தட்டி, வண்டியைக் கழுவிக் கொடுத்தனுப்பினான்.

வீட்டிலும் கதை வேறு மாதிரி இல்லை. "நீ ஸ்டியரிங்கை எப்படிப் பிடிக்கிற?" என்று கணவன் கேட்டான்.

"கண்ணுக்கே தெரியாத நரம்புல ரத்தம் எடுக்கிற கை இது. எப்படிப் பிடிக்கிறேன்னு என்னையே கேக்குறீங்களா? நாளைக்கு உங்களுக்கு லீவுதானே. நீங்களே ஓட்டுங்க."

ஓட்டினான். இடது, இடது, மறுபடி இடது. வண்டி மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கே அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. இந்த வண்டியை நாலு சாத்து சாத்தினால் என்ன என்றிருந்தது.

அடுத்து ரத்தம் எடுக்க வேண்டிய வீட்டுக்கு நூலகச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் படிக்கட்டெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை நூலகர் அம்மையார் வாசலில் நின்று யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவன் இடப்பக்கம் ஒடித்தான். ஹாரன் பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் திரும்பிய சக்கரத்தோடு அப்படியே நிற்க வேண்டியதாயிற்று. ஓலம் நிற்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணாடி வழியாகத் தன் மேலதிகாரிக்குக் காட்டினான் அவன். அந்த அம்மையார் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லாரி நகர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் சொன்னதை நம்பாதவனுக்கு இது வேண்டியதுதான் என்று மட்டும் தோன்றியது.

"மிச்ச வீட்டையும் முடிச்சிடலாம்" என்றான். "அப்புறம் நேரா அங்கதான்."

அவன் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. சர்வீஸ் சென்டரிலும் உயர்த்தவில்லை. அட்வைசருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க தம்பி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றான்.

அவள் காத்திருப்பறையில் காகிதக் கோப்பையும் ஆறிப்போன காபியுமாக உட்கார்ந்திருந்தாள். வெளியே தெருவில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வண்டி கத்திக்கொண்டே முனை திரும்பி மறைந்தது. கொஞ்சநேரத்தில் அடுத்த முனையிலிருந்து கத்திக்கொண்டே வந்தது. நிற்கவில்லை. கட்டடத்தையே இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தான் கணவன். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். சுற்றுக்குச் சுற்று அட்வைசர் இருக்கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் தலை மட்டும்தான் தெரிந்தது.

வண்டி நின்றதும் கணவன் கேட்டான்: "என் கை பட்டுதா?"

"படல சார்."

"வளையல்?"

"சார், உள்ள கொண்டுபோயிடலாம் சார்."

ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து, திரும்பும்போது எதிலோ உரசிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். "ரொம்பச் சின்ன விஷயம்தான் மேடம்" என்று அட்வைசர் சாவியை நீட்டினான். இத்தனை நாள் பட்டதிலேயே அந்த வார்த்தைதான் அவளுக்கு அதிகம் எரிந்தது. சாவியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்றாள் குழைவாக. பதில் சொன்னால் வாய் என்ன பேசும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. போனைக் கணவன் கையில் திணித்துவிட்டு, ஐஸ் பெட்டியைக் கழுவப் போனாள்.

கூடத்தில் அவன் முதல் நாளிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது குழாய்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. தலைமையாசிரியர், காவலர், வளையல், ஒன்வே என்று ஒன்றையும் விடவில்லை. பரவாயில்லை, இப்போதாவது வாய் திறக்கிறானே என்று நினைத்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்மா," என்றான் கடைசியில், "அந்த விலைக்கு வண்டி அருமையான வண்டி."

அவள் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.