கேட்டுக்கு உள்ளே ஒரு இடுகாடு

வனக்காவலருக்குத் தன் மாமனாரை நிரம்பப் பிடிக்கும். மனிதர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மருமகன் காக்கிச் சட்டையோடு வாசலில் தலையைக் காட்டினால் போதும், "அரசாங்கம் வந்துடுச்சு, எல்லாரும் கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்பார். சிரிப்பார்கள். சிரிப்புக்குள் ஒரு முள்ளும் இருக்கும்.

காரணம் இருந்தது. மாமனாரின் குடும்பம் காட்டுக்குள் குடியிருந்த குடும்பம். காகித ஆலைக்குத் தைலமரம் நட வேண்டும் என்று வனத்துறை அந்தக் குடியிருப்பையே காலி செய்து, சனங்களை நகரத்து ஓரத்தில் தகரக்கூரை வீடுகளில் கொண்டுவந்து அடைத்தது. இடுகாட்டை மட்டும் தொடவில்லை. மாமியார் அங்கேதான் கிடந்தார். வருஷம் ஒரு தடவை போய்ப் புல்லைச் செதுக்கிவிட்டு வர மாமனாரை விட்டார்கள்.

பிறகு ஆலை படுத்துவிட்டது. தைலமரம் நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்க்கிறது, வேரோடு பிடுங்கிப் பழைய காட்டை மீட்டு விலங்குகளுக்கு விட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வருஷக்கணக்காக எந்த மரத்துக்குக் காவல் இருந்தாரோ, அதைப் பிடுங்கும் பொக்லைனுக்கு இப்போது காவல் இருந்தார் வனக்காவலர். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது இடுகாடு இருந்த இடம் உழுத வயல்போலப் புரண்டு கிடந்தது. ஓட்டுநர் பீடி பற்றவைத்தபடி, "கல்லு கொஞ்சம் கிடந்துச்சு சார், ஓரமா தள்ளிட்டேன்" என்றான்.

ரேஞ்சர் வந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "வேணும்னேவா செஞ்சோம்? நடந்தது நடந்துபோச்சு. நீங்க வாயத் திறந்தா அந்தத் தகரக்கூரைத் தெருவே திரண்டு வந்து நிக்கும். செத்தவங்க யாரும் புகார் கொடுக்க மாட்டாங்க, விடுங்க."

வனக்காவலர் விட்டார். அன்று சோறு இறங்கவில்லை. என்ன என்று மனைவி கேட்டதற்கு வெயில் என்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார்.

மழைக்காலம் தொடங்கியதும் மாமனாருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் நடைபாதையில் கட்டில் போட்டிருந்தார்கள். மருமகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. என்னை அவ பக்கத்துல கொண்டுபோய் விட்டுடுங்க. காட்டு கேட்டுச் சாவி உங்க கையிலதானே இருக்கு."

"சரி மாமா."

வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு நாளில் கிழவர் போய்ச் சேர்ந்தார். ரேஞ்சரிடம் அனுமதி கேட்டபோது, "அது இப்ப மிருகங்களுக்கான இடம். ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டார். அதைக் கேட்டதும் வனக்காவலருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஒளிந்துகொள்ள ஒரு உத்தரவு கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே கூசியது.

ஆனாலும் பிணத்தோடு வேன் காட்டு கேட்டுக்கு வந்தது. மனைவியின் அண்ணன், அவருடைய மச்சான், இறங்கினார்.

"மாப்ள, திறங்க."

"உத்தரவு இல்ல மச்சான்."

"எங்கப்பா என்ன மரம் வெட்டவா வந்திருக்காரு? திறங்கய்யா."

மனைவி இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. உத்தரவு மட்டும்தானா?"

அவர் பார்த்தார். அதற்குமேல் தாங்கவில்லை. பொக்லைன், கல், ரேஞ்சர் சொன்னது, வெயில் என்று தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினார். மச்சான் கை ஓங்கினார். அவள் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. புருஷன் கையிலிருந்த சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து உள்ளே நடந்தாள்.

சிவந்த மண். குச்சிக்கு ஒன்றாய்க் கட்டிய நாற்றுகள், கண்ணுக்கு எட்டிய மட்டும். அவள் ஒரு இடத்தில் நின்றாள், தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் நின்றாள். அடையாளத்துக்கு இருந்த பாறையும் இல்லை.

"எந்த இடம்மா?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணா."

கேட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா இல்லாத இடத்துல அப்பாவ எதுக்கு விடணும்? வண்டியத் திருப்பச் சொல்லு" என்றாள்.

நகராட்சி இடுகாட்டில், சிமெண்டுச் சுவரை ஒட்டி, முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே கிழவரை வைத்தார்கள்.

அடுத்த வாரம் தெருச்சனம் வன அலுவலகத்தில் போய் நின்றது. அங்கே இடுகாடே இருந்ததில்லை என்று ரேஞ்சர் சாதித்தார். வனக்காவலர் எல்லோருக்கும் முன்னால், "இருந்துச்சு சார். நீங்களும் பாத்தீங்க" என்றார். அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இடத்தைச் சுற்றி மின்வேலி வந்தது.

வீட்டுக்கு வந்தார். மனைவி தட்டை வைத்தாள். பெருமையாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோபமாகவாவது ஏதாவது சொல்லமாட்டாளா என்றிருந்தது.

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள் கடைசியில்.

"தாங்கியிருக்க மாட்டாரு."

"அது அவரு பாடு. அம்மா பக்கத்துலதான் போறோம்னு நெனச்சுக்கிட்டே போனாரு பாருங்க."

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.