பாடத்தில் வந்த நோய்

தமயந்தியின் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. கொதிக்கும் எண்ணெய் தெறித்தும் அந்த இடம் சுடவில்லை. பயந்துபோய், வங்காளத்தின் கிதிர்பூரில், அவர்கள் வசித்த துறைமுகக் குடியிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தவ மிஷன் நடத்திய கிளினிக்குக்குப் போனாள். அது 1997.

டாக்டர் வங்காள மொழியில் சொன்னதை நாகர்கோவில்காரரான சிஸ்டர் ரெஜினா தமிழில் சொன்னார். “தொழுநோய்தான். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா போயிரும். பயப்படாதீங்க.”

“தினம் ரெண்டு வேளை குளிக்கிறேனே, சிஸ்டர்?”

“குளிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இது கிருமி.”

கணவனிடம் மட்டும் சொன்னாள். மூன்றாம் மாதம் ஒருநாள், கான்வென்ட்டில் ஏழாவது படிக்கும் மகள் அக்ஷரா, ஷூவைக் கழற்றிக்கொண்டே பேசினாள்.

“மா, இன்னிக்கு மாரல் சயின்ஸ்ல மிஸ் சொன்னாங்க. பாவம் குஷ்டரோகம் மாதிரியாம். உள்ள இருக்கிற அழுக்கு வெளிய தெரியுமாம். ஜீசஸ் தொட்டா க்ளீன் ஆயிடுமாம்.”

தமயந்தி குளியலறைக்குள் போய்த் தேங்காய் நாரால் அந்தத் திட்டைத் தேய்த்தாள். வலிக்கவே இல்லை. வாளித் தண்ணீர் சிவந்த பிறகுதான் நிறுத்தினாள்.

மறுநாள் சிஸ்டர் புண்ணுக்குக் கட்டுப் போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

“நான் என்ன பாவம் பண்ணினேன், சிஸ்டர்? கிருமின்னு நீங்க சொன்னீங்க. பள்ளிக்கூடத்துல அழுக்குங்கிறாங்க. ரெண்டு இடத்துலயும் அதே சிலுவைதான் மாட்டியிருக்கு.”

சிஸ்டர் கட்டை முடித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நானும் பத்து வருஷம் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். இங்க வந்து இத்தன பேரைத் தொட்டுப் பார்த்தப்புறம் எனக்கே குழப்பமாத்தான் இருக்கு. கையத் தேய்க்காதீங்கம்மா. அது ஒண்ணுதான் நிச்சயமா தெரியுது.”

ஆறு மாதம் முடிந்தது. இனி மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். அன்று மாலை தமயந்தி மகளிடம் கையை நீட்டிக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்ஷரா திட்டை விரலால் தடவினாள். பிறகு எழுந்துபோய்க் குழாயடியில் வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். திரும்பி வந்து தாயை ஒட்டி உட்கார்ந்து, “மா, பசிக்குது. ஊட்டி விடேன்” என்றாள்.

பயத்தில் கழுவினாளா, சாப்பிடுவதற்காகக் கழுவினாளா? கேட்கத் துணிவில்லாமல் தமயந்தி சோற்றைப் பிசைந்தாள்.